உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பாருங்கள்: வன்னியில் தோல் நோய்க்கு மருந்து கொடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

வன்னிப் பகுதி வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுகளில் கடமையாற்றும் வைத்திய அதிகாரிகளுக்கும் தாதிய உத்தியோகத்தர்களுக்கும், தனியார் சிகிச்சை நிலையங்களையும் மருந்தகங்களையும் நடத்துவோருக்கும், சித்த ஆயுர்வேத வைத்தியர்களுக்கும், எமது மாவட்டங்களின் சுகாதார நிர்வாகிகளுக்கும்,

பெருமதிப்புக்குரியோரே,

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும் மன்னார்ப் பெருநிலப்பரப்பிலும் உடம்பில் தடிப்போ புள்ளிகளோ எழும்பி மருந்துக்கு வருகின்ற ஒருவருடைய கொப்பியில் முதலில் எழுதப்படும் சொல் பெரும்பாலும் ‘அலர்ஜி’ என்பதாகவே இருக்கிறது. இரவில் அரிப்பை அடக்கும் ஒரு பிரிட்டன் குளிசை, பூசுவதற்கு ஒரு கிறீம், நண்டும் இறாலும் கத்தரிக்காயும் கிரந்தி என்பதால் சில நாட்களுக்கு வேண்டாம் என்ற புத்திமதி ஆகியவற்றோடு அவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். வருவோரில் மிகப் பெரும்பாலானோருக்கு அதுவே பொருத்தமான வைத்தியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எஞ்சிய சிலரைப் பற்றியே, தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவில் நீண்டகாலம் தாதியாகப் பணியாற்றியவள் என்ற வகையில், இம்மடலை எழுதுகிறேன். அந்தச் சிலரின் உடம்பில் இருப்பது ஒவ்வாமை அல்ல. உடலுறவின் வழியாகத் தொற்றும் சிபிலிஸ் நோயின் இரண்டாம் கட்டம். ஐந்து நிமிடப் பரிசோதனையும் ஒரு குழாய் இரத்தமும் இருந்தால் அதனைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒரேயொரு தடவை ஏற்றப்படும் ஊசிமருந்தோடு அதனை மாற்றியும் விடலாம். அந்த ஐந்து நிமிடங்களைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

வன்னியில் ஒவ்வாமை என்று நினைப்பதற்குக் காரணங்கள் நிறையவே உள்ளன. போக விதைப்புக் காலத்தில் கிருமிநாசினி தெளிக்கும் தொட்டி முதுகில் கசிகிறது. அறுவடையில் நெற்தூசி கழுத்திலும் கைமடிப்பிலும் ஒட்டிக்கொள்கிறது. கட்டட வேலைக்குப் போவோரின் விரல்களைச் சீமெந்து அரிக்கிறது. வீதியோரங்களிலும் கைவிடப்பட்ட காணிகளிலும் பாத்தீனியக் களை வளர்ந்து நிற்கிறது. நந்திக்கடலிலும் நாயாற்றிலும் பிடிபடும் இறாலும் நண்டும் அன்றாட உணவாக உள்ளன. காலை எட்டு மணிக்கே நிரம்பிவிடும் வெளிநோயாளர் பிரிவில், ஒருவருக்கு ஓரிரு நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க இயலாத நிலையில், சேட்டின் கையைச் சற்று மடித்துப் பார்த்துவிட்டு ஒவ்வாமை என்று எழுதுவது அலட்சியம் ஆகாது. அனுபவத்தின் மீது வைத்த நம்பிக்கையே அது. ஆயினும் அந்த நம்பிக்கையை ஏமாற்றவல்ல ஒரு தன்மை சிபிலிசுக்கு இருக்கிறது என்பதையே நான் இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இந்நோயை உண்டாக்கும் திரிபொனிமா பலிடம் என்ற சுருள்வடிவ நுண்ணுயிரி 1905-இல் அடையாளம் காணப்பட்டது. அது உடலுக்குள் புகுந்து ஏறத்தாழ மூன்று வாரங்களில், சிலருக்குப் பத்து நாட்களிலும் வேறு சிலருக்குத் தொண்ணூறு நாட்களிலும், புகுந்த இடத்தில் ஒரு புண்ணைத் தோற்றுவிக்கிறது. பெரும்பாலும் அந்தப் புண் நோவதில்லை. ஆணுறுப்பின் முன்தோலுக்கு உள்ளேயோ, பெண்ணின் கருப்பைக் கழுத்திலோ, குதத்திலோ, வாய்க்குள்ளோ அது இருக்கும்போது நோயாளி அதனை அறியாமலே இருந்துவிடலாம். எந்த மருந்தும் இன்றி மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் அது ஆறியும் விடுகிறது. புண் ஆறிக்கொண்டிருக்கும்போதோ, ஆறிச் சில வாரங்கள் கழிந்த பின்னரோ, நுண்ணுயிரி இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவியதன் அடையாளமாகத் தோலில் புள்ளிகள் எழுகின்றன. அந்தப் புள்ளிகளும் சில வாரங்களில் தாமாகவே மங்கி மறைகின்றன.

ஏமாற்றம் இங்கேதான் நிகழ்கிறது. தானாக மறையும் ஒன்றுக்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அந்த மருந்தே மாற்றியதாகத் தோன்றும். பிரிட்டன் கொடுத்தவருக்கு அது பிரிட்டனின் வெற்றி. பத்தியம் சொன்னவருக்குப் பத்தியத்தின் வெற்றி. எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவருக்கு எண்ணெயின் வெற்றி. நோயாளி திரும்பி வருவதில்லை. ஆகவே தாம் எழுதிய ‘அலர்ஜி’ தவறு என்பதை அறிவதற்கு எழுதியவருக்கு ஒரு வாய்ப்பும் கிடைப்பதில்லை. பெனிசிலின் வருவதற்கு முன்னைய காலத்தில், 1891 முதல் 1910 வரை, நோர்வேயின் ஒஸ்லோ நகரில் மருந்தளிக்கப்படாது அவதானிக்கப்பட்ட சிபிலிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்தப் புள்ளிகள் மீண்டும் தோன்றின என்பதும், அண்ணளவாக மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்றுக் குறைவானோர் பிற்காலத்தில் இதயம், நரம்பு மண்டலம், எலும்பு, தோல் ஆகியவற்றைத் தாக்கும் பிந்திய கட்டத்தை அடைந்தனர் என்பதும் மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளன. கண்ணையும் காதையும் மூளையையும் பாதிப்பதற்கு அது பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதும் இல்லை. எந்தக் கட்டத்திலும் அது நிகழலாம்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய ஊரையும் தொழிலையும் அடையாளம் காட்டக்கூடிய எதையும் தவிர்த்துவிட்டே சொல்கிறேன். முப்பது வயதுக்கு உட்பட்ட, அண்மையில் திருமணமான அந்த இளைஞருக்கு நெஞ்சிலும் முதுகிலும் புள்ளிகள் எழும்பின. அதற்கு முன்னர் சில நாட்கள் தொண்டை நோவும் உடம்பு அலுப்பும் இருந்திருக்கின்றன. மருந்தகம் ஒன்றில் குளிசை வாங்கினார். பின்னர் சிகிச்சை நிலையம் ஒன்றில் ஊசி போட்டுக் கிறீம் வாங்கினார். மாமியார் வீட்டில் நண்டும் இறாலும் கத்தரிக்காயும் மாதக்கணக்கில் அடுப்பேறவில்லை. புள்ளிகள் மறைந்தன, எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். அடுத்த ஆண்டில் மனைவி கருவுற்றுக் கர்ப்பவதிகள் கிளினிக்குக்குப் போய், வழமையான முதற் பரிசோதனைகளுக்காக இரத்தம் கொடுத்தபோது, சிபிலிசைத் தேடும் வி.டி.ஆர்.எல். என்ற பரிசோதனை அவருக்கு நோய்த்தொற்றைக் காட்டியது. கணவனுடைய பழைய கொப்பியில் நான் பார்த்த ‘அலர்ஜி’ என்ற சொல் மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில் இருந்தது. மனைவிக்கு உரிய காலத்தில் பெனிசிலின் கிடைத்தது. குழந்தையும் நலமாகப் பிறந்தது. ஆனால் அந்தப் பெண் பிள்ளைப்பேற்று மாதங்களில் அனுபவித்த அச்சமும், இரு குடும்பங்களுக்கும் இடையே எழுந்த வார்த்தைகளும், முதல் நாளிலேயே எவராவது அந்தக் கணவனைச் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்த்திருந்தால் பெருமளவுக்குத் தவிர்க்கப்பட்டிருக்கும்.

ஏன் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதைச் சொல்கிறேன். ஒவ்வாமைத் தடிப்புகள் பெரும்பாலும் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விட்டுவிடுகின்றன; சிபிலிஸ் அவ்விரண்டையும் நாடிச் செல்கிறது. மண்வெட்டியும் வலைக்கயிறும் பிடித்துக் காய்ப்பேறிய கையில் அதனைக் காண்பதற்குக் கையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஒரு பருப்பளவிலிருந்து ஒரு சதக் குற்றியளவு வரையான, வட்டமான, செம்பும் கபிலமும் கலந்த நிறமுள்ள புள்ளிகள் தோலுக்குள் பதிந்தாற்போலத் தெரியும். அவற்றின் ஓரத்தில், நடுப்பகுதியை விட்டுவிட்டு, மெல்லிய வெள்ளைச் செதில் ஒரு வளையமாக உரிந்து நிற்கும். விரலால் தடவினால் காய்ப்பின் சொரசொரப்பு வேறு, இந்தச் செதில் வளையத்தின் மெல்லிய விளிம்பு வேறு என்பது புரியும். அழுத்தினாற் சிலருக்குச் சற்று நோகும். சொறிந்த அடையாளம் பெரும்பாலும் இராது. உள்ளங்காலின் குழிவான பகுதியில், காய்ப்பு இல்லாத இடத்தில், இது இன்னும் தெளிவாகத் தெரியும். உடம்பின் ஏனைய பகுதிகளில் புள்ளிகள் இரு பக்கமும் ஒரேமாதிரியாக, நெஞ்சு, வயிற்றின் பக்கவாட்டு, முதுகு, கைகள் எனப் பரவி இருக்கும்.

மருத்துவ நூல்களில் அச்சாகும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. அவற்றில் ரோஜா நிறமாகத் தெரியும் புள்ளி, எமது மக்களின் தோலில் கருங்கபிலமாகவோ, ஊதா கலந்த கருமையாகவோ, சில வேளைகளில் சுற்றுத் தோலைவிடச் சற்றே இருண்ட நிழலாகவோ மட்டுமே தெரியும். சிவப்பைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது தேமல் போலவோ, முன்னர் இருந்த சொறியின் தழும்பு போலவோ தோன்றிவிடும். இங்கு படித்து இங்கேயே கடமையாற்றும் இளம் வைத்தியர்கள் இதனை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது எனது சிறப்பான வேண்டுகோள்.

இனி, ஒவ்வாமையின் பக்கம். காணாக்கடி எனப்படும் திடீர்த் தடிப்பைப் பிரித்தறிவது எளிது. அது கடுமையாகக் கடிக்கும், வீங்கி மேலெழும், ஒரு தடிப்பு ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்பது அரிது, ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் எழும். ஐயம் இருந்தால் ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிட்டு மறுநாள் வரச் சொல்லலாம். கோட்டுக்குள் தோல் சுத்தமாக இருந்தால் அது காணாக்கடி. அதே புள்ளி அதே இடத்தில் அப்படியே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். பொருட்கள் பட்டு வரும் தோலழற்சி, பட்ட இடத்தின் வடிவத்தைத் தன்னிடம் வைத்திருக்கும்: செருப்பு வாரின் அடையாளம், கைக்கடிகாரத்தின் அடிப்புறம், சீமெந்து பட்ட விரலிடுக்கு. பாத்தீனியத்தால் வருவது முகம், கழுத்து, முழங்கை மடிப்பு போன்ற திறந்த இடங்களைத் தாக்கி, ஆடை மறைத்த பகுதிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். இவற்றில் நீர்க்கொப்புளமும் கசிவும் காணப்படும்; வளர்ந்தவர்களின் சிபிலிசில் நீர்க்கொப்புளம் மிக அரிது. கரப்பான் எனப்படும் நாட்பட்ட தோலழற்சிக்கோ சிறுவயது முதலான வரலாறும், மடிப்புகளில் தடித்துப் போன தோலும், பல வேளைகளில் குடும்பத்தில் இழுப்பு நோயும் இருக்கும்.

அரிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘கடித்தால் அலர்ஜி, கடிக்காவிட்டால் சிபிலிஸ்’ என்று பலர் மனதில் வைத்திருக்கிறார்கள். முதல் வடிகட்டியாக அது உதவும். தீர்ப்பாக அதனைக் கொள்ளக்கூடாது. சிபிலிஸ் புள்ளிகள் பெரும்பாலும் கடிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் கடிக்கின்ற நோயாளிகளும் இருக்கிறார்கள். எனவே கடிக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து உள்ளங்கையைப் பார்க்காமல் விடுவதற்கில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது மருந்து ஒவ்வாமையிலிருந்து இதனைப் பிரிப்பது. சிபிலிசின் இரண்டாம் கட்டத்தில் காய்ச்சல், தொண்டை நோவு, தலையிடி, உடம்பு உளைவு, நெறிகட்டுதல் ஆகியவை புள்ளிகளுக்கு முன்னரோ அவற்றோடு கூடவோ வரலாம். தொண்டை நோவுக்கு அமொக்ஸிசிலின் கொடுக்கப்படுகிறது. சில நாட்களில் புள்ளிகள் வெளிப்படுகின்றன. மருந்து ஒவ்வாமையும் மருந்தைத் தொடங்கி 4 முதல் 14 நாட்களுக்குள் வருவதே வழமை என்பதால், குளிசைதான் புள்ளிகளைக் கொண்டுவந்தது என்ற முடிவுக்கு வருவது இயல்பு. அதன்பின் அந்த மனிதருடைய கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று எழுதப்படுகிறது. ஒரே நாளில் இரண்டு கேடுகள் நேர்கின்றன: உண்மையான நோய் மறைகிறது, அதனை மாற்றவல்ல முதன்மையான மருந்து அவருக்கு வாழ்நாள் முழுவதும் மறுக்கப்படுகிறது. சில நாட்கள் விழுங்கிய அமொக்ஸிசிலினால் நோய் முற்றாக மாறியிருக்கும் என்று ஆறுதல்படவும் முடியாது. ஆகவே தொண்டை நோவுக்கு மருந்தெடுத்த ஒருவருக்குப் புள்ளிகள் வந்தால், குளிசை முதலா புள்ளி முதலா என்பதை நாட்காட்டியை வைத்துக் கேளுங்கள், உள்ளங்கையைப் பாருங்கள், சிவப்பு மையை எடுப்பதற்கு முன்னர் இரத்தத்தை அனுப்புங்கள்.

ஒவ்வாமை அல்லாத வேறு நோய்களும் இந்த மயக்கத்தில் சேர்கின்றன. பிற்றிரியாசிஸ் ரோசியா என்பது முதலில் ஒரு பெரிய வட்டத் தழும்போடு தொடங்கி முதுகில் விலா வரிசையில் பரவும். உள்ளங்கைகளைப் பொதுவாகத் தீண்டாது. படர்தாமரையைச் செதில் சுரண்டி நுண்ணோக்கியில் காணலாம். சிரங்கு இரவில் கடிக்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கும். மழைக்காலத்தில் டெங்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியதே, ஆனால் டெங்குப் புள்ளிகள் வாரக்கணக்கில் நிற்பதில்லை. தொழுநோயின் தழும்பில் உணர்ச்சி குறைந்திருக்கும். சிபிலிஸ் புள்ளியில் அது குறைவதில்லை.

தோலை விட்டு வேறு இடங்களில் தேடும்போதுதான் சிபிலிஸ் தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது. வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கிலோ உட்கன்னத்திலோ உதட்டின் உட்புறத்திலோ சாம்பல் வெண்மையான, நோவில்லாத படலங்கள் தெரியலாம். அவை எளிதில் தொற்றக்கூடியவை என்பதால் கையுறை அவசியம். தலைமயிர் ஆங்காங்கே பூச்சி அரித்தாற்போலக் கொட்டியிருக்கலாம்; புருவமும் மெலிந்திருக்கலாம். குதத்தைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் ஈரமான, தட்டையான, சாம்பல் நிற மேடுகள் இருக்கலாம். அவை மூலம் என்றோ பாலுண்ணி என்றோ கருதப்பட்டுத் தவறான கைகளுக்குப் போகின்றன. எனக்குப் பயன்பட்ட இன்னுமொரு பரிசோதனை: நோயாளியின் கையைக் குலுக்குவது போலப் பிடித்துக்கொண்டு, மறுகையின் விரல்களால் முழங்கையின் உட்புறத்துக்குச் சற்று மேலே, தசைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். கையில் புண் எதுவும் இல்லாத ஒருவருக்கு இரண்டு பக்கமும் பயற்றங்காய் விதையளவில் நெறி தட்டுப்பட்டால், அலர்ஜி என்று எழுதும் பேனாவை அங்கேயே நிறுத்திவிடலாம். ஆடை கழற்றாமல், மறைப்புத் திரை இல்லாமல், வரிசையில் நிற்பவர்களுக்கு எதுவும் புரியாமல் செய்யக்கூடிய பரிசோதனை அது.

மறைப்பைப் பற்றிப் பேசாமல் இவ்விடயத்தை முடிக்க முடியாது. வன்னியில் வைத்தியசாலையின் வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். தாதியும் சிற்றூழியரும் பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் வருபவர்கள். போரிலும் இடப்பெயர்விலும் உறவுகளை இழந்து, மிஞ்சிய மானத்தைக் காத்துக்கொண்டு வாழும் குடும்பங்கள் அவை. அப்படியான ஓரிடத்தில், மனைவியோ மாமியாரோ அருகில் நிற்க, ‘வேறு இடத்துக்குப் போனீரோ?’ என்று உரத்துக் கேட்டால் உண்மை வராது. அந்த மனிதர் மீண்டும் வரவும் மாட்டார். தனியே அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, ‘இப்படியான புள்ளிகளுக்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் ஒன்று உடலுறவின் வழியாகத் தொற்றுவது, இரத்தத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் தெளிவாகிவிடும்’ என்று சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரா, பாரவூர்தி ஓட்டுபவரா, முகாமில் வேலை செய்பவரா, கணவனை இழந்தவளா என்று தொழிலையும் நிலைமையையும் பார்த்து ஆளைச் சந்தேகிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நோயை ஊகிக்க வேண்டியது புள்ளியைப் பார்த்து. ஆளைப் பார்த்து அல்ல. தன் கணவனைத் தவிர வேறொருவரையும் அறியாத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. பொதுக் கழிப்பறையிலோ, உடுப்பிலோ, ஒன்றாக உண்பதிலோ இது தொற்றுவதில்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வாக்கியம் வீட்டில் தட்டும் பாயும் வேறாக்கப்படுவதைத் தடுக்கும்.

இரத்தப் பரிசோதனையைப் பொறுத்தவரை இரண்டாம் கட்டம் எமக்குச் சாதகமான கட்டம். புள்ளிகள் வெளிப்பட்ட காலத்தில் வி.டி.ஆர்.எல். ஏறக்குறைய எல்லோரிடத்திலும் நோயைக் காட்டும். அரிதாக, இரத்தத்தில் எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருப்பதாலேயே பரிசோதனை வெறுமையாக, அதாவது நோயில்லை என்பதாக, வருவதுண்டு. ஆகவே உள்ளங்கைகளில் செம்புநிறப் புள்ளி தெளிவாக இருந்தும் முடிவு வெறுமையாக வந்தால், இரத்தநீரை ஐதாக்கி மீண்டும் பார்க்கும்படி ஆய்வுகூடத்துக்கு எழுதுங்கள். மறுபுறம், கர்ப்பம், தொழுநோய், லூப்பஸ் போன்ற நிலைகளில் நோய் இல்லாமலே வி.டி.ஆர்.எல். குறைந்த அளவில் நோயைக் காட்டக்கூடும் என்பதால், ரி.பி.பி.ஏ. போன்ற உறுதிப்படுத்தும் பரிசோதனை வருவதற்கு முன்னர் எவருடைய குடும்பத்திலும் அந்தச் சொல்லை விதைக்காதீர்கள். அதே இரத்தத்தில், அவருடைய சம்மதத்தோடு, எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யப்பட வேண்டும்.

உறுதியானால் மருந்து பழையது. 1943 முதல் சிபிலிசுக்குப் பயன்படுவது. ஆரம்பக் கட்டங்களில் 24 இலட்சம் அலகு பென்சதீன் பெனிசிலின், தசையில், ஒரு தடவை. உண்மையாகவே பெனிசிலின் ஒவ்வாத, கருவுறாத ஒருவருக்கு டொக்ஸிசைக்கிளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இரு தடவையாக 14 நாட்கள். கருவுற்ற பெண்ணுக்குப் பெனிசிலினுக்கு மாற்று இல்லை. ஒவ்வாமை இருந்தாலும் பெரிய வைத்தியசாலையில் வைத்து உடலைப் பழக்கி அதனையே கொடுக்க வேண்டும். கடந்த மூன்று மாதங்களில் அவரோடு உடலுறவு கொண்டவருக்கு, இரத்தம் வெறுமையாக இருந்தாலும், சிகிச்சை உண்டு. அதன்பின் 3, 6, 12 மாதங்களில் இரத்தம் பார்க்கப்பட்டு, 1:32 ஆக இருந்த வி.டி.ஆர்.எல். அளவு 1:8 ஆகவேனும், அதாவது நான்கில் ஒரு பங்காகவேனும், குறைந்துள்ளதா என்பது கவனிக்கப்படும். இவற்றைப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இலவசமாகவும் இரகசியமாகவும் செய்கின்றன. உங்கள் வேலை நோயாளிகளை அங்கு சேர்ப்பதே.

ஊசி போட்ட அன்றிரவு நடக்கக்கூடிய ஒன்றை நோயாளிக்கும் அவருடைய ஊர் வைத்தியசாலைக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நுண்ணுயிரிகள் கூட்டமாக அழியும்போது சில மணி நேரத்துக்குள் நடுக்கமும் காய்ச்சலும் தலையிடியும் வந்து, புள்ளிகள் முன்னிலும் பெரிதாகச் சிவந்து எழலாம். ஒரு நாளில் அது அடங்கிவிடும்; பரசிற்றமோல் போதும்; கருவுற்ற பெண்களை மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இதனை அறியாத இரவு நேரப் பிரிவு ஒன்று, ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி, மீண்டும் அதே சிவப்பு மையை எடுப்பதைக் கண்டிருக்கிறேன். ஊசிக்குப் பின் அரைமணி நேரத்துக்குள் தடிப்பும் உதட்டு வீக்கமும் மூச்சுத்திணறலும் வந்தால் அது உயிராபத்தான ஒவ்வாமை. பல மணி நேரம் கழித்துப் பழைய புள்ளிகளே காய்ச்சலோடு பொங்கினால் அது மருந்து வேலை செய்வதன் விளைவு.

மருந்தகம் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். உடம்பு முழுவதும் புள்ளிகளோடு வருபவருக்குப் பெட்னோவேட் கிறீமையோ பிரெட்னிசொலோன் குளிசையையோ, அதாவது ஸ்டெராய்டு மருந்துகளை, கொடுத்து அனுப்பாதீர்கள். ஸ்டெராய்டு பூசிய சிபிலிஸ், பார்த்துப் பழகிய கண்ணுக்கும் அடையாளம் தெரியாதபடி உருமாறிவிடுகிறது. பூசிய படர்தாமரையும் அப்படியே. ‘ஒருக்கால் கையை விரித்துக் காட்டுங்கோ’ என்று கேட்பதற்கு வைத்தியப் பட்டம் தேவையில்லை. சித்த ஆயுர்வேத வைத்தியர்களிடம் எமது மக்கள், குறிப்பாக முதியோரும் பெண்களும், வேறெவரிடமும் சொல்லாததைச் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கொண்டே அவர்களை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் மருந்தை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை, பரிசோதனை முடிவு வரும்வரை ‘இது கிரந்திதான்’ என்று உறுதி சொல்லாதிருக்கவே கேட்கிறேன்.

சுகாதார நிர்வாகிகளே, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இல்லாதொழித்த நாடாக 2019-இல் இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. கிராமம் கிராமமாகக் கர்ப்பவதிகளைப் பதிந்து, இரத்தம் எடுக்க அனுப்பி, முடிவு வரும்வரை பின்தொடர்ந்த குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பு அதிலே பெரும்பங்கு. அந்த ஏற்பாடு கருவுற்ற பெண்ணைக் காக்கிறது. புள்ளிகளோடு வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் ஆணையும், கருவுறாத பெண்ணையும் அது எட்டுவதில்லை. அவர்களைக் கண்டுபிடிக்காதவரை, அடுத்த கர்ப்பவதியின் இரத்தத்தில்தான் நாம் நோயைக் கண்டுகொண்டிருப்போம்.

ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ பூநகரியிலிருந்தோ ஒருவர் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஏன் போகிறாய் என்ற கேள்விக்கு வீட்டில் பதிலும் சொல்ல வேண்டும். ஆகவே பிரதேச வைத்தியசாலைகளிலேயே வி.டி.ஆர்.எல். இரத்தத்தை எடுத்து, மற்றைய மாதிரிகளோடு சேர்த்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பி, முடிவை மூடிய உறையில் வைத்திய அதிகாரியின் கைக்கே திருப்பி அனுப்பும் ஒழுங்கை நான்கு மாவட்டங்களிலும் உறுதிப்படுத்துங்கள். எமது நிறத் தோலில் எடுக்கப்பட்ட உள்ளங்கை, உள்ளங்கால் படங்கள் கொண்ட ஒரு பக்கத் தாளை ஒவ்வொரு வெளிநோயாளர் மேசையின் கண்ணாடிக்குக் கீழும் வையுங்கள். சிகிச்சை நிலையம் திறக்கும் நாளையும் நேரத்தையும் தமிழில் எழுதி, எவரிடமும் கேட்காமலே வாசிக்கக்கூடிய இடத்தில் ஒட்டுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நிற்கும், காரணம் தெளிவாகாத எந்தத் தோற்புள்ளிக்கும் வி.டி.ஆர்.எல். அனுப்பப்பட வேண்டும் என்ற ஒரு வரிச் சுற்றறிக்கையை, அடுத்த இடமாற்றங்களில் புதிய வைத்தியர்கள் வந்து கடமையேற்பதற்கு முன்னரே வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
வன்னி